பாட்டுக்கு முன்னால் ஒரு விளம்பரம்

வணக்கம் நேயர்களே. ஒரு பாட்டை இலவசமாக நம் கையில் கொடுத்துவிட்டு, அதற்கான காசை விளம்பரத்திலிருந்து எடுக்க முடியுமா? நான் பல வருஷமாக விடாமல் துரத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம், கடலோரம். இலங்கை வானொலி துல்லியமாகக் கேட்கும். பாட்டு, விளம்பரம், மறுபடி பாட்டு. அப்போது அண்ணன் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தார். ரேடியோவுக்கு எதிரே அதை வைத்து, வீட்டில் யாரும் இருமக்கூட கூடாது என்று சொல்லிவிட்டு, இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்துவார். ஒரு நாள் அவசரத்தில் கொஞ்சம் முன்னாலேயே அழுத்திவிட்டார். சோப்பு விளம்பரத்தின் கடைசி வரி பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிட்டது. அழிக்கப் போனால் பாட்டின் முன்னிசையும் போய்விடும் என்று அப்படியே விட்டுவிட்டோம். நாடா சிக்கும்போதெல்லாம் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி, அந்தக் கேசட்டை நூறு தடவையாவது கேட்டிருப்போம். இன்றைக்கும் கல்யாண வீட்டில் அந்தப் பாட்டு ஆரம்பித்தால், எனக்கு முதலில் கேட்பது அந்த விளம்பரக் குரல்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சோப்புக் கம்பெனி காசு கொடுத்தது ஒரு தடவைக்கு. எங்கள் வீட்டில் அது ஒலித்ததோ நூறு தடவை. மீதித் தொண்ணூற்றொன்பதுக்கு யாரும் காசு தரவில்லை. எப்படித் தருவார்கள்? அது யாருக்கும் தெரியாதே!

2007-இல் பிரிட்டனில் வீ7 என்று ஓர் இணையப் பாட்டுச் சேவை வந்தது. பாடகர் பீட்டர் கேப்ரியல் அதற்குத் துணை நின்றார். எங்கள் கேசட் மாதிரியேதான்: இறக்கிக்கொள்ளும் பாட்டின் தலையில் ஒரு குட்டி விளம்பரம். பாட்டுக்குப் பூட்டு கிடையாது, எந்தக் கருவியிலும் ஓடும். கேட்பவரை நம்பிய ஏற்பாடு அது. எனக்கு அதன்மேல் இன்றும் மரியாதை உண்டு.

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்பைரல்ஃபிராக் என்ற இலவசப் பாட்டுத் தளம் தொடங்கியது. இவர்கள் விளம்பரத்தைத் தளத்தில் வைத்தார்கள், பாட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். மாதா மாதம் தளத்துக்குத் திரும்ப வந்து விளம்பரத்தைப் பார்த்தால்தான் பாட்டு உயிரோடிருக்கும். அன்றைக்குப் பிள்ளைகள் கையிலெல்லாம் இருந்தது ஐபாட் என்ற பாட்டுக் கருவி. அதில் இந்தப் பாட்டு ஓடாது. பூட்டில்லாத திருட்டுப் பிரதி பக்கத்திலேயே சும்மா கிடைக்கும்போது, பூட்டிய பாட்டை யார் வைத்துக்கொள்வார்கள்? பொருளாதாரச் சரிவில் விளம்பரக் காசும் வற்றியது. 2009 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

மறுபடியும் அந்தக் கேசட்டுக்கே வருகிறேன். விளம்பரதாரர் காசு கொடுப்பது நம் காதுக்கு. எத்தனை காது, எத்தனை தடவை என்று எண்ணிக் காட்டினால்தான் காசு வரும். இறக்கி வைத்த பாட்டு வீட்டுக்குள் போய்விட்டால் அந்த எண்ணிக்கை நின்றுவிடுகிறது. பாட்டுக்கு உரியவருக்கோ இறக்கும்போதே பங்கு தந்தாக வேண்டும். செலவு உடனே, வரவு எப்போதோ, அதுவும் வந்தால்தான். கணக்கு இடித்தது அங்கேதான்.

இணையத்திலிருந்து ஓடவிட்டே கேட்கும் முறை இதனால்தான் ஜெயித்தது. 2008 அக்டோபரில் ஐரோப்பாவில் ஸ்பாட்டிஃபை வந்தது. ஒவ்வொரு தடவை கேட்பதும் கணக்கில் ஏறும், நடுவே விளம்பரம் வரும். வீ7-உம் பிறகு அந்த வழிக்கே போனது; 2012-இல் பிரிட்டனின் பெரிய கடை நிறுவனமான டெஸ்கோ அதை வாங்கிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். பாட்டு எழுதியவரின் பங்கு பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைப் படத் தயாரிப்பாளருக்கோ இசை நிறுவனத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று அதில் இருக்கிறது. அப்படியானால் இலவசமாகக் கேட்கும் பாட்டின் விளம்பர வருமானத்திலும் அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தக் கணக்கைத் தடவைக்கு இவ்வளவு என்று எல்லோரும் பார்க்கும்படி வெளியிடச் சொல்ல வேண்டும் என்பதுதான் என்... சரி, நேரமாகிவிட்டது. நன்றி, வணக்கம்.