23 மணி நேரம் தள்ளி ஒரு குரல்

வணக்கம் நேயர்களே. பேச அழைத்தவர்கள், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். வாயேஜரைப் பற்றி என்று உடனே சொல்லிவிட்டேன். வானொலியில் பேச அதைவிடப் பொருத்தமான விஷயம் எனக்குத் தெரியவில்லை. அங்கேயும் ஆளைப் பார்க்க முடியாது, குரல் மட்டும்தான் வரும்.

வாயேஜர் 1 விண்கலத்தை அமெரிக்காவின் நாசா 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி அனுப்பியது. வியாழனையும் சனியையும் பார்த்துவிட்டால் போதும், ஐந்து வருடம் தாங்கினால் சரி என்பதுதான் திட்டம். அது இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது, 2,500 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். இப்படி ஓர் எண்ணைக் காதால் கேட்டால் மனதில் நிற்காது, அதனால் வேறு மாதிரி சொல்கிறேன். சூரிய வெளிச்சம் நம்மிடம் வந்து சேர எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. வாயேஜரின் பேச்சும் அதே வேகத்தில்தான் வருகிறது. வந்து சேர ஏறக்குறைய 23 மணி நேரம்! இப்போது நீங்கள் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறேன்" என்ற பதில் நாளை மறுநாள்தான் கிடைக்கும்.

அது பேசுவதற்குச் செலவழிக்கும் சக்தி 23 வாட். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்ததும் உள்ளே ஒரு சின்ன பல்பு எரியுமே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். பழைய வானொலிப் பெட்டியில் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, இரைச்சலுக்கு நடுவே தூரத்து நிலையம் ஒன்றைப் பிடித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அதே வேலையைத்தான் 70 மீட்டர் அகல ஆண்டெனாவை வைத்துக்கொண்டு நாசாவில் செய்கிறார்கள்.

சரி, நான் சொல்ல வந்த கதை இதுதான். 2023 நவம்பரில் வாயேஜர் 1 உளற ஆரம்பித்தது. சமிக்ஞை வந்தது, அதில் பொருள் இல்லை. ஒன்றும் பூஜ்யமும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தன. நாம் சொன்னது அதற்குக் கேட்கிறது, அது சொல்வதுதான் நமக்குப் புரியவில்லை. மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. அந்தக் கலத்தை வடிவமைத்தவர்கள் எழுதிவைத்த பல பத்தாண்டுப் பழைய காகிதங்களைப் பொறியாளர்கள் எடுத்துப் படித்தார்கள். ஒவ்வொரு கட்டளையையும் அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தார்கள். கடைசியில் குற்றவாளி அகப்பட்டது. நினைவகத்தில் ஒரே ஒரு சிப்.

சிப் போய்விட்டது. போய் மாற்ற முடியாது. அதில் இருந்த மென்பொருளை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், அந்தக் கலத்தின் கணினிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலே மொத்த நினைவகம் சுமார் 70 கிலோபைட்டுக்குள். உங்கள் போனில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதற்குள் வைக்க முடியாது. எங்கேயும் போதிய காலி இடம் இல்லை. ஓர் அலமாரியைக் கழற்றி, ஒரு பலகையைக் கதவுக்குப் பின்னால், இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில், மற்றொன்றைப் பரண் மேல் என்று செருகிவைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் அது அலமாரியாகவே வேலை செய்ய வேண்டும்! அதைத்தான் செய்தார்கள். மென்பொருளைத் துண்டு துண்டாக்கி, கிடைத்த சந்துகளில் எல்லாம் வைத்து, ஒரு துண்டு அடுத்த துண்டைத் தேடிப் போகும்படி திருத்தி எழுதினார்கள்.

2024 ஏப்ரல் 18ஆம் தேதி இந்த மாற்றத்துக்கான முதல் கட்டளை கிளம்பியது. போக இருபத்திரண்டரை மணி நேரம், வர இருபத்திரண்டரை மணி நேரம். 20ஆம் தேதி கலத்தின் உடல்நிலை பற்றிய தகவல் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஜூனில், அப்போது இயங்கிவந்த நான்கு கருவிகளும் மறுபடி அறிவியல் தகவல்களை அனுப்பத் தொடங்கின. அந்த ஏப்ரல் நாளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கையை உயர்த்திக் கொண்டாடும் அந்தக் குழுவின் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எதிர்காலம் என்றதும் நாம் புதிதாக என்ன வரப்போகிறது என்றுதான் கேட்கிறோம். நான் கேட்பது வேறு. இன்று செய்கிறவற்றை ஐம்பது வருடம் கழித்துத் திறந்து பார்க்க யாருக்காவது வழி இருக்குமா? இப்போது வரும் கருவிகள் பலவற்றின் மூடியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். பேட்டரி தளர்ந்தால் கருவியையே தூக்கிப் போடுகிறோம். வாயேஜரை இவ்வளவு தூரத்திலிருந்து சரிசெய்ய முடிந்ததற்குக் காரணம், அதன் மென்பொருளை மாற்றி எழுத முதலிலேயே வழி வைத்திருந்தார்கள். அப்புறம் காகிதம். மறுபடியும் சொல்கிறேன், காகிதம். அன்றைக்கு யாரோ பொறுமையாக எழுதிவைத்தார்கள், யாரோ அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள்.

நேரமாகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வாயேஜரின் மின்சாரம் வருடத்துக்குச் சுமார் 4 வாட் குறைந்துகொண்டே வருகிறது, கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். அதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. தங்கத் தட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பூமியின் ஒலிகளைப் பதித்து, தங்க முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று அதில் போகிறது. 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தமிழ் அதில் இல்லை, எனக்கு அது ஒரு குறைதான். திமிங்கிலத்தின் பாட்டும் மழையும் இடியும் இருக்கின்றன.

சுமார் 40,000 வருடம் கழித்து வாயேஜர் 1 ஒரு நட்சத்திரத்தை 1.6 ஒளியாண்டு தூரத்தில் கடக்கும். அதற்கு வெகு காலம் முன்பே அதன் குரல் நின்றிருக்கும். தட்டு மட்டும் இருக்கும். யாராவது எடுத்தால் வாசிக்க ஊசியும் கூடவே வைத்திருக்கிறார்கள். என்ன வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை உறையின் மேல் கோட்டுப் படமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் படத்தை வானொலியில் விளக்க வழியில்லை. ஆனால் செய்முறைக் குறிப்பையும் சேர்த்துக் கட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள். வணக்கம்.