நப்பின்னை: மார்கழியில் மட்டும் கேட்கும் பெயர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பிறந்திருக்கும் பெண் குழந்தைக்கு யாரும் அதிகம் வைக்காத, ஆனால் நல்ல தமிழாக உள்ள ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கும் இளம் பெற்றோரைச் சென்னையில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். பள்ளியில் தமிழ் கற்பித்தவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். நட்சத்திரத்துக்கு உரிய எழுத்து, எண்கணிதக் கூட்டுத்தொகை ஆகியவற்றுக்குப் பொருந்துமாறு, எந்த மொழியிலும் பொருள் இல்லாத இரண்டு மூன்று அசைகளை ஒட்டிப் பெயராக்கும் வழக்கம் பரவியுள்ள இந்த நாளில், அவர்கள் அப்படிக் கேட்பதே எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் நப்பின்னை. மார்கழியில் ஓதும் ஆண்டாளின் திருப்பாவையில் வரும், கண்ணனின் தேவியின் பெயர் அது. அந்தப் பெயரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்தப் பெயரில் இரண்டு உறுப்புகள் உள்ளன. முன்னால் நிற்கும் 'ந' என்பது சிறப்பைக் குறிக்கும் அடைமொழி. கீரர் நக்கீரர் ஆனதும், முல்லைப்பாட்டைப் பாடிய பூதனார் நப்பூதனார் ஆனதும், பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் என்னும் பெண்பாற் புலவர் செள்ளை என்ற தம் பெயரோடு நச்செள்ளையார் ஆனதும் இந்த அடைமொழியால்தான். சிறுபாணாற்றுப்படையை இயற்றிய நத்தத்தனார் நம் சென்னைக்குத் தெற்கே, கடலோரத்து இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். அவர் பெயரிலும் இதுவே இருக்கிறது. சங்கப் புலவர்களின் பெயர்களில் மட்டுமே இன்று நாம் காணும் இந்த மதிப்புச் சொல், உயிரோடு ஒரு பெண் பெயரில் எஞ்சியிருப்பது நப்பின்னையில்தான் என்பது என் எண்ணம்.

'பின்னை' என்பதற்குப் பின் பிறந்தவள், இளையவள் என்று பொருள் கொள்வது வழக்கம். பின்னிய கூந்தலை உடையவள் என்று சொல்வாரும் உண்டு. ஆண்டாள் அவளைக் 'கந்தம் கமழும் குழலீ' என்று அழைப்பதை அவர்கள் சான்றாகக் காட்டலாம். என் மனம் முதல் பொருளையே ஏற்கிறது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் கண்ணன் தன் தமையனோடும் நப்பின்னையோடும் ஆடிய ஆட்டத்தைச் சொல்லும்போது இளங்கோவடிகள், பலராமனைத் 'தம்முன்' என்றும் அவளைப் 'பின்னை' என்றும் குறிக்கிறார். முன் பிறந்தவனும் பின் பிறந்தவளும் ஒரே அடியில் அருகருகே நிற்கும்போது, இளையவள் என்ற பொருள் தானாகவே தெளிவாகிறது. வீட்டில் இரண்டாவதாகப் பிறந்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் அறியேன்.

அந்தக் குரவைக் கூத்தைச் சற்று நின்று பார்ப்போம். மதுரைப் புறத்து ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றவே, கண்ணகிக்கு அடைக்கலம் தந்திருக்கும் மாதரி, கன்றும் பசுவும் துயர் நீங்கும்பொருட்டுக் குரவை ஆடுவோம் என்று தன் மகள் ஐயையிடம் சொல்கிறாள். ஏறுகளை வளர்த்த ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்தி, ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு இடுகிறாள். குரல் நின்றவள் மாயவன் ஆகிறாள், இளி நின்றவள் பலராமன் ஆகிறாள், துத்தம் நின்றவள் பின்னை ஆகிறாள். கர்நாடக இசையின் மொழியில் சொன்னால் சட்ஜமத்துக்கு அடுத்த ரிஷபத்தின் இடம் அவளுக்கு. தன் குழந்தைக்கு இசைப் பெயர் தேடும் சென்னைக் குடும்பங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மணிமேகலையிலும் இந்தக் குரவை வருகிறது. பூஞ்சோலையில் பறவைகள் ஆடக் கண்ட சோழ மன்னன், மணிவண்ணனும் அவன் தமையனும் 'பிஞ்ஞையும்' (பின்னையும்) ஆடிய குரவை இது என்று மகிழ்கிறான். பௌத்தக் காப்பியம் இவளை அறிந்திருக்கிறது; சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியும் அறிந்திருக்கிறது. தன் மகள் கோவிந்தையைச் சீவகனுக்குத் தர விரும்பும் ஆயர் தலைவன் நந்தகோன், குலத்தை எண்ணித் தயங்க வேண்டாம் என்று சொல்லி, முருகன் வள்ளியை மணந்ததையும் திருமால் நப்பின்னையை அடைந்ததையும் எடுத்துக் காட்டுகிறான். வள்ளிக்கு இணையாக வைத்துப் பேசப்பட்டவள் இவள். வள்ளி என்ற பெயர் இன்றும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அவளோடு சேர்த்துச் சொல்லப்பட்டவளின் பெயர்தான் அருகிப்போயிற்று.

அவளை மணக்கக் கண்ணன் ஏழு ஏறுகளைத் தழுவி அடக்கினான் என்பதை ஆழ்வார்கள் மீண்டும் மீண்டும் பாடுகிறார்கள். பாகவதத்தில் கோசல மன்னன் நக்னஜித்தின் மகள் சத்யைக்காக ஏழு காளைகள் அடக்கப்படும் கதை உண்டு. ஆனால் தமிழில் அது அரசன் அவையில் நடப்பதன்று. கலித்தொகையின் முல்லைப் பாடல்கள் காட்டும் ஆயர் தொழுவத்தில், கொம்புக்கு அஞ்சுபவனை ஆயமகள் விரும்பாள் என்ற வாழ்க்கைக்குள் அது நிகழ்கிறது. வைணவ மரபு அவளைத் திருமாலின் தேவியருள் ஒருத்தியாகிய நீளாதேவியின் அவதாரமாகவும், யசோதையின் உடன்பிறந்தவன் மகளாகவும் சொல்கிறது. அதாவது கண்ணனுக்கு அவள் மாமன் மகள், நம் வீடுகளில் சொல்வதுபோல் முறைப்பெண். திருப்பாவையின் 18ஆம் பாசுரத்தில் ஆண்டாள் அவளை 'நந்தகோபாலன் மருமகளே' என்று விளித்துவிட்டு, அதே பாசுரத்தில் கண்ணனை 'உன் மைத்துனன்' என்று சொல்வது இந்த உறவின் உரிமையால்தான்.

18, 19, 20 ஆகிய மூன்று பாசுரங்களிலும் அவள் இருக்கிறாள். கண்ணனை எழுப்ப வந்த ஆயர் சிறுமியர் அவளிடமே கதவைத் திறக்கச் சொல்கிறார்கள், அவளிடமே விசிறியும் கண்ணாடியும் கேட்கிறார்கள், அவளையே 'திருவே' என்று அழைக்கிறார்கள். திருப்பாவை ஜீயர் என்று போற்றப்பட்ட இராமானுசர், 'உந்து மதகளிற்றன்' என்று தொடங்கும் அந்த 18ஆம் பாசுரத்தை ஓதியபடி தம் ஆசிரியர் பெரிய நம்பியின் வீட்டு வாசலுக்குச் சென்றபோது, அவர் மகள் அத்துழாய் கைவளை ஒலிக்கக் கதவைத் திறந்ததாகவும், நப்பின்னையே வந்து நிற்பதாக எண்ணி இராமானுசர் அந்தச் சிறுமியை விழுந்து வணங்கியதாகவும் மரபு வழியாகச் சொல்லப்படுகிறது.

இவ்வளவு பெருமை உடைய பெயர் ஏன் வழக்கில் குறைந்தது? வகுப்புப் பதிவேடுகளில் கோதையையும் மாதவியையும் மணிமேகலையையும் பலமுறை கண்டிருக்கிறேன். நப்பின்னையைக் கண்டது மிக அரிது. வடநாட்டிலிருந்து வந்த இராதையின் கதை பஜனைப் பாடல்கள் வழியாகவும் பின்னர் திரைப்படங்கள் வழியாகவும் இங்கே ஊன்றியபோது, கண்ணனுக்கு அருகில் நம் கற்பனையில் இருந்த இடம் இராதைக்குப் போயிற்று. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலின் மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்கு அருகில் இருப்பவளும் ருக்மிணியே. 1916இல் பல்லாவரத்தில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிறகு தமிழ்ப் பெயர்கள் பெருகின; ஆனால் அந்த வழியில் வந்தவர்கள் கயல்விழி, மலர்விழி, தமிழ்ச்செல்வி எனக் கேட்டவுடன் பொருள் விளங்கும் பெயர்களை விரும்பினார்கள். வைணவ இல்லங்களோ ஆண்டாளோடு நின்றுகொண்டன. இரு சாராருக்கும் உரியவளாக இருந்தும், இரு சாராராலும் விடப்பட்டவள் நப்பின்னை என்றே சொல்வேன்.

பெற்றோர் என்னிடம் சொல்லும் தயக்கங்கள் நியாயமானவை. 'ப்பி' என்ற ஒலி வன்மையாக இருக்கிறது என்கிறார்கள். நப்பாசை என்ற சொல் நினைவுக்கு வருகிறது என்கிறார்கள். குழந்தையைப் பள்ளியில் கேலி செய்வார்களோ என்று அஞ்சுகிறார்கள். எந்தப் பெயரையும் பிள்ளைகள் சில நாட்கள் திரித்துப் பார்ப்பார்கள். ஆனால் ஏழு காளைகளின் கதையைச் சொல்லத் தெரிந்த குழந்தை அந்த வகுப்பில் தன் பெயருக்குக் காவலாகத் தானே நிற்கும். எனவே பெயரை மட்டும் தராமல் கதையையும் சேர்த்துத் தாருங்கள். அரிதாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் இதை வைக்க வேண்டாம் என்பதையும் அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

முடிவு செய்ய அவகாசம் இருக்கிறது. குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரை 12 மாதங்கள் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'ப்ப', 'ன்ன' என்ற இரண்டு இரட்டிப்புகளையும் விடாமல் எழுதி, பிறப்புச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் ஒரே வடிவமே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கூப்பிட நீளமாக இருக்கிறது என்று தோன்றினால் 'பின்னை' என்றே கூப்பிடலாம். ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வாரும் கண்ணனைப் 'பின்னை மணாளன்' என்றுதான் பாடியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.