குடியை நிறுத்தியாச்சு, எதுவுமே பிடிக்கலையே!

குடும்பத்தோடு வந்திருக்கும் அன்பர்களே,

கைநடுக்கமும் வியர்வையும் பெரும்பாலோருக்கு முதல் வாரத்தோடு அடங்கிவிடும். அதற்குப் பின்னால் வருகிற வெறுமைதான் பலரை மறுபடி டாஸ்மாக் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பிரியாணி ருசிக்காது. கிரிக்கெட் சலிக்கும். பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் உள்ளே ஒன்றும் அசையாது. வீட்டிலோ, "குடிக்கிறப்பவாவது சிரிச்சுப் பேசுவீங்க" என்பார்கள். தாய்மார்களே, அதை மட்டும் சொல்லாதீர்கள்.

இது குணக்கேடு அல்ல. வருஷக்கணக்காக மது, சந்தோஷ உணர்வோடு தொடர்புள்ள மூளை ரசாயனமான டோபமைனைக் கிளறிக்கொண்டே இருந்ததால், மூளை அதை வாங்கும் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டது. பாட்டிலை வைத்த அன்றே அவை திரும்பிவிடாது. வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில். அதுவரை சின்னச் சந்தோஷங்கள் உறைக்காது.

"மனசு வரட்டும், செய்றேன்" என்று உட்கார்ந்தால் மனசு வராது. கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். இரவே மறுநாளுக்கு மூன்று வேலைகளை நேரம் போட்டு எழுதுங்கள். காலை 6.30க்கு 20 நிமிட நடை. பகலில் வண்டியைத் துடைப்பது மாதிரி அரை மணி வேலை. மூன்றாவது, முன்பு நீங்கள் குடித்த அதே நேரத்தில் இருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே, ஆட்களோடு. ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்), அதாவது குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம் இருந்தால் அதுவே போதும்.

முடித்ததும் நோட்டில் இரண்டு மார்க் போடுங்கள்: சந்தோஷம் 10க்கு எவ்வளவு, செய்து முடித்த திருப்தி 10க்கு எவ்வளவு. சந்தோஷம் 0, 1 என்றே கிடக்கும். திருப்தி 3, 4 என்று பெரும்பாலும் முன்னதாக ஏறும். நோட்டு போடுவதே அதைக் கண்ணால் பார்க்கத்தான்.

எங்கே சறுக்குகிறார்கள்? முதல் நாளே ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போய், நான்காம் நாள் விட்டுவிடுகிறார்கள். அல்லது நள்ளிரவு வரை ரீல்ஸ், ரம்மி. அந்தச் சட்டென்ற கிளுகிளுப்புக்குப் பழகினால் மறுநாள் நடையும் பேச்சும் இன்னும் சப்பென்று இருக்கும், தூக்கமும் கெடும். மெடிக்கல் ஷாப்பில் தூக்கமாத்திரை கேட்டு வாங்குவது எனக்குத் தெரிந்த மோசமான யோசனை. ஒரு பழக்கம் போய் இன்னொன்று ஒட்டிக்கொள்ளும்.

இன்னும் தினமும் குடிப்பவர் இங்கே இருந்தால், திடீரென்று தனியாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம். டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

நிறுத்தி நான்கு வாரம் தாண்டியும் வெறுமை குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், நோட்டையும் கொண்டுபோங்கள். அது தனியான மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. சாகலாம் என்ற எண்ணம் வந்தால் நான்கு வாரம் என்ன, நான்கு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் அவரைத் தனியே விடாமல் அந்த எண்ணை நீங்களே அழுத்திக் கொடுங்கள்.