மணிதான் மண்டபம்

(இணையவழி ஆய்வு மாநாடு ஒன்றுக்குத் தயாராகும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களிடையே புதுச்சேரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் அழைப்பிதழ் வரைவைப் பார்த்தேன். 'புலம்பெயர்வும் நகர்வும்' என்று தலைப்புப் போட்டாகிவிட்டது. சின்னம் வரைந்தாகிவிட்டது. சிறப்பு விருந்தினரின் பட்டங்களுக்கு மட்டும் நாலு வரி. 'நேரம்' என்று போட்டு அதற்கு நேரே காலியாக விட்டிருக்கிறீர்கள். அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கல்யாணமோ கருத்தரங்கமோ, முதலில் மண்டபம் பிடிப்போம். இணையத்தில் மண்டபம் கிடையாது. அங்கே முதலில் பிடிக்க வேண்டியது மணி. பட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். சில வருஷம் முன்னால் நாங்கள் சிலர் சேர்ந்து ஒன்று நடத்தினோம். வழக்கம்போலக் காலை 10 மணி என்று போட்டுவிட்டோம். இங்கே காலை 10 என்றால் கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் நள்ளிரவு 12.30. அங்கிருந்து பேசிய மாணவி கேமராவை அணைத்துவிட்டுக் கிசுகிசுப்பாகக் கட்டுரை வாசித்தாள். "பக்கத்து அறையில் பாட்டி தூங்குகிறாள்" என்றாள். கட்டுரையே அந்தப் பாட்டியின் முன்னோர் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய கதைதான்! அந்தக் கிழவியை எழுப்பி உட்காரவைத்துக் கேட்க வேண்டிய பேச்சை, அவள் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று பயந்து பயந்து கேட்டோம்.

அன்றைக்கு ராத்திரி ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்மூர் இரவு 7 மணி என்று வையுங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூரில் 9.30, தூக்கம் வராத நேரம். துபாயிலும் ரீயூனியனிலும் மொரீஷியஸிலும் மாலை 5.30. டர்பனில் 3.30. பாரிஸில் குளிர்காலமானால் 2.30, கோடையானால் 3.30. குவாதலூப்பிலும் அதேபோன்ற இன்னொரு கரீபியன் தீவான மார்ட்டினிக்கிலும் காலை 9.30. தமிழன் பிழைக்கப் போன தேசங்களில் முக்கால்வாசி விழித்திருக்கும் வேளை அது. பிஜிக்காரர்களுக்குத்தான் விடிகாலை 1.30; அவர்களுக்கு ஒரு நாள் காலை அமர்வு தனியாக வையுங்கள். இன்னொன்று: மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். உங்கள் வரைவில் அந்த ஞாயிறு நடுவில் விழுகிறது. ஒன்று தேதியை மாற்றுங்கள், இல்லையென்றால் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் மணியை எழுதி அனுப்புங்கள்.

இந்த ஊர்களையே ஏன் சொல்கிறேன்? ஒரேலி என்ற கப்பல் 1853இல் நம் ஆட்களை மார்ட்டினிக்குக்குக் கொண்டுபோனது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப்பில் போய் நின்றது. அடிமை முறையை பிரெஞ்சு அரசு 1848இல் ஒழித்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறினான். பிறகு இங்கிருந்து வியட்நாமின் சைகோனுக்குப் போன சொல்தாக்கள் (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்கள்), குமாஸ்தாக்கள். 1962 ஆகஸ்டில் புதுச்சேரியை இந்தியாவிடம் பிரான்ஸ் முறைப்படி ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் எந்தக் குடியுரிமை வேண்டும் என்று திண்ணையில் உட்கார்ந்து முடிவெடுத்த குடும்பங்கள். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கதை இருக்கிறது? கை தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது.

இந்தக் கதைக்கான காகிதம் பிரான்சில், எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் ஒரு பகுதியை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். மற்றதைப் பார்க்க நேரில் போக வேண்டும். நம் மாணவனுக்கு டிக்கெட்டுக்குப் பணம் இல்லை, பணம் கிடைத்தால் விசா இல்லை. இடப்பெயர்ச்சியை ஆராய்கிறவனே இடம்பெயர முடியாமல் நிற்கிறான். ஆகவே இணைய அமர்வைக் கட்டுரை வாசிக்கும் இடமாக மட்டும் வைக்காதீர்கள். அங்கே இருப்பவர் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டட்டும். பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி கிறுக்கிய பெயர் முத்துசாமியா, மூத்தசாமியா என்று காரைக்கால்காரர் ஒருவர் சொல்லட்டும். ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்க பாகூர்க்காரர் ஒருவர் போதும். இதை எந்த மண்டபத்திலும் செய்ய முடியாது.

மற்றதெல்லாம் சில்லறை வேலை, ஆனால் கவிழ்ப்பது அதுதான். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் எட்டு மணி நேரம் திரையைப் பார்க்க யாராலும் முடியாது. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். கட்டுரை ஒரு வாரம் முன்பே வந்துவிட வேண்டும். பேச்சை முன்கூட்டியே பதிவு செய்து வாங்கி வையுங்கள். கரன்ட் போனால் கைகொடுக்கும். தானே புயலுக்குப் பின் கடலூரில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று உங்கள் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். வரவேற்புரை வேண்டவே வேண்டாம். ஜூமில் பொன்னாடை போர்த்தியதாகப் பாவித்துக் கைதட்டிய கூட்டம் ஒன்றில் நானும் இருந்திருக்கிறேன், இன்னும் கூச்சமாக இருக்கிறது.

சான்றிதழ் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தார்கள். நாம் அவர்களைப் பற்றி வெபினார் நடத்தி, படிவம் நிரப்பியவருக்கெல்லாம் இ-சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தோம். பேசியவருக்கும் விவாதித்தவருக்கும் கொடுங்கள், போதும்.

கடைசியாக, பதிவு செய்யும் பொத்தான். எல்லாவற்றையும் யூடியூபில் நேரலையாகப் போடப் போவதாகச் சொன்னீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. 2021இலிருந்து மறுவாழ்வு முகாம் என்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குக் குடியுரிமைக் கேள்வி அப்படியே இருக்கிறது. அங்கே ஒருவர் நம்பிச் சொன்ன ஒரு வாக்கியத்தை நீங்கள் திரையில் போடுகிறீர்கள். நேரலையில் யார் யார் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பெயரை மாற்றினால் போதாது. படகு இறங்கிய துறை, வந்த தேதி, குழந்தைகள் எத்தனை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம். நேரலை வேண்டாம். பதிவை நாலு பேர் உட்கார்ந்து பார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டி, சம்மதம் சொன்னவர்களின் பேச்சை மட்டும் பிறகு ஏற்றுங்கள்.

வாசல் மேஜையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீங்கள் பேச அழைக்க நினைக்கிறவர் பெயர், அவருடைய ஊர், இரவு 7 என்றால் அவருக்கு அங்கே மணி என்ன, இந்த மூன்றையும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.