ஒயில் குடிக்கும் பழைய ஹைபிரிட் கார்: வைத்திருப்பதா, விற்பதா?

[காட்சி: திருகோணமலை, உவர்மலை. காலை வேளை. பொனற் திறந்திருக்கும் கார். டிப்ஸ்டிக்கைத் துணியால் துடைத்து மீண்டும் செருகி எடுக்கும் கை.]

எஞ்சின் ஒயிலின் அளவைக் காட்டும் இந்த டிப்ஸ்டிக்கின் நுனியைக் கவனியுங்கள். இரண்டு குறிகளுக்கு இடையில் நிற்க வேண்டிய ஒயில், கீழ்க் குறிக்கும் கீழே ஒரு துளியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒயில் மாற்றி இரண்டரை மாதம்தான் ஆகிறது. காரின் அடியில் கசிவு இல்லை, டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. எங்கள் ஒழுங்கையில் குடியிருந்து, நாள்தோறும் கிண்ணியாவுக்குச் சென்று கற்பித்துத் திரும்பும் ஆசிரியை ஒருவரின் ஹைபிரிட் கார் இது. "எஞ்சின் முடிஞ்சிற்று ரீச்சர், வந்த விலைக்குக் குடுத்திருங்க" என்று ஒரு கராஜில் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைச் சொன்னவர் எதையும் அளந்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

முதலில் அந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஒயில் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ஒயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. பம்ப் உறிஞ்சுவதற்கே ஒயில் போதாமல் அழுத்தம் வீழ்ந்த பிறகுதான் அது எரியும் என்பதால், அதைக் கண்டு காரை நிறுத்தும்போது பெயரிங்குகள் ஏற்கெனவே தேயத் தொடங்கியிருக்கலாம்.

[காட்சி: பிஸ்டனின் வரைபடம். மூன்று வளையங்களில் கீழ் வளையம் மட்டும் நிறம் மாறுகிறது.]

ஒயில் எங்கே போகிறது? பிஸ்டனைச் சுற்றியுள்ள மூன்று வளையங்களில் கீழே இருப்பது, சிலிண்டர் சுவரில் படியும் ஒயிலை வழித்து, பிஸ்டனில் உள்ள சிறு துளைகளின் வழியாகக் கீழே திருப்பி அனுப்பும் வளையம். பழைய ஒயில் வெப்பத்தில் கருகிப் பிசினாகி அந்தத் துளைகளை அடைக்கும்போது, வளையம் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. வழிக்கப்படாத ஒயில் பெற்றோலோடு சேர்ந்து எரிகிறது. பற்றரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்து இழுப்பதால், ஹைபிரிட் காரில் எஞ்சின் அடிக்கடி நின்று நின்று இயங்குகிறது. குறுந்தூரப் பயணங்களில் அது முழுமையாகச் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடுவதால், ஈரமும் எரியாத பெற்றோலும் ஒயிலில் தங்கிவிடுகின்றன. இதனோடு 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறைதான் ஒயில் மாற்றுவது என்ற வழக்கமும் சேர்ந்தால், வளையம் ஒட்டுவது வியப்பில்லை. நீலப்புகை வரவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர், சிறிதளவு ஒயில் எரிவதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.

ஆகவே அளக்க வேண்டும். அளப்பது எளிது என்றாலும் உவர்மலையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சரிவில் நிற்கும் காரில் டிப்ஸ்டிக் உண்மை சொல்லாது. சமதரையான ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் காரை நிறுத்தி, எஞ்சின் தானாக நின்றிருக்கிறது என்று ஏமாறாமல் பவர் பொத்தானை அழுத்திக் காரை முழுமையாக அணைத்து, ஐந்து முதல் பத்து நிமிடங்கள் காத்திருந்து, ஒயில் கீழே வடிந்த பிறகு பாருங்கள். மேல் குறி வரைக்கும் நிரப்பி, ஓடிய தூரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறை மேல் குறியை எட்ட எத்தனை மில்லிலீற்றர் ஊற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

[காட்சி: கொப்பியின் ஒரு பக்கம். நீல மையில் இரண்டு வரிகள்.]

ஆசிரியையின் கொப்பியில் இப்போது இரண்டு வரிகள் உள்ளன. 1,400 கிலோமீற்றருக்கு 600 மில்லிலீற்றர், அடுத்த 1,500 கிலோமீற்றருக்கு 650 மில்லிலீற்றர். ஏறத்தாழ 2,300 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் என்பதே கணக்கு. ஒப்பிடுவதற்கு ஒரு செய்தி: கேம்ரி போன்ற கார்களில் வந்த 2.4 லீற்றர் எஞ்சினுக்காக டொயோட்டா அமெரிக்காவில் உத்தரவாதத்தை நீட்டித்தபோது, 1,200 மைலுக்கு 1 குவாட், அதாவது சுமார் 2,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர், என்பதையே பழுது பார்க்கத் தகுதியான எல்லையாக வைத்தது. இந்தக் கார் அந்த எல்லைக்கு அருகில் இருக்கிறது, இன்னும் தாண்டவில்லை. அதைவிட முக்கியமாக, இரண்டு அளவுகளும் ஒன்றுபோல் உள்ளன. எவ்வளவு குடிக்கிறது என்பதைக் காட்டிலும், குடிப்பது கூடிக்கொண்டே போகிறதா என்பதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இனிப் பணக் கணக்கு. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓட்டுபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் தரும் ஹைபிரிட்டுக்கு 50 லீற்றர் பெற்றோல் போதும். 12 கிலோமீற்றர் தரும் சாதாரணக் காருக்கு 83 லீற்றர் வேண்டும். 33 லீற்றர் பெற்றோலை மிச்சம் பிடிக்கும் கார் அரை லீற்றருக்கும் குறைவான ஒயிலைக் குடிக்கிறது என்பதற்காக அதை விற்பது, எனக்குக் கணக்காகப் படவில்லை. விற்றுவிட்டு எதை வாங்குவது என்ற கேள்வியும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. புதிதாக வருபவற்றின் மீது வரி கனமானது. கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது பெரும்பாலும் இதே வயதுக் கார்தான், அதன் டிப்ஸ்டிக்கை யார் கடைசியாகப் பார்த்தார் என்பதும் நமக்குத் தெரியாது.

[காட்சி: எஞ்சின் அறை. கூலன்ற் தாங்கியின் குறிகள் நெருக்கமாக.]

ஆனால் ஒரு நோய் வேறு. ஒயிலோடு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்றும் குறைகிறதா என்று பாருங்கள். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட்டின் 1.8 லீற்றர் எஞ்சினில், புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் குளிர்விப்பான் கரியால் அடைபடுவதும், ஓட்டம் கூடிய கார்களில் எஞ்சினின் மேற்பகுதிக்கும் சிலிண்டர்களுக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கெற் பழுதாவதும் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழக்கமானவை. காலையில் முதலில் எஞ்சின் எழும்போது சில நொடிகள் கார் குலுங்கி, பிறகு சீராகி, தாங்கியில் கூலன்றும் மெல்லக் குறைந்தால், ஒயில் கணக்கை ஒதுக்கிவிட்டு உடனே காட்ட வேண்டும். அதற்குச் செலவிடும் மனமில்லையென்றால் அப்போது விற்பதே சரி, குறையைச் சொல்லி விற்பது.

கராஜில் சொல்லப்படும் வைத்தியங்களை ஒவ்வொன்றாக எடைபோடுவோம். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் எரிவதற்கு அனுப்பும் பிசிவி வால்வை மாற்றுவது மலிவு, எனவே அதிலிருந்து தொடங்குங்கள். பிஸ்டனின் மேல் கரைப்பானை ஊற்றி ஊறவைப்பது சில எஞ்சின்களில் பலன் தருகிறது, சிலவற்றில் தருவதில்லை. 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில் குறித்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை ஊற்றச் சொல்பவரிடம் மட்டும் பணிவாக மறுத்துவிடுங்கள். அடிக்கடி நின்று எழும் எஞ்சினில் தடித்த ஒயில் மேலே ஏறத் தாமதமாகும், ஒயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வு அமைப்பும் தடுமாறும். பாவித்த எஞ்சினை இறக்கிப் பொருத்துவது கடைசி வழி. ஒரே வகை, ஒரே வயது என்றால் அதே வளைய நோயையும் கூடவே வாங்கி வரலாம்.

பற்றரியை மறந்துவிட்டு எஞ்சினை மட்டும் எடைபோடுவதும் தவறு. அதே பிரியஸின் பற்றரியில் 28 மொடியூல்கள், அதாவது சிறு பற்றரித் தொகுதிகள், உள்ளன, மொத்தம் 201.6 வோல்ற். பழுதான ஒன்றை மட்டும் மாற்றித் தருவார்கள். மற்ற 27உம் அதே வயதானவை என்பதால், அந்த வேலை எத்தனை நாள் தாங்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. பின் இருக்கையின் பக்கவாட்டில் உள்ள காற்று வழியைத் துப்புரவாக வைத்திருங்கள், நிலாவெளிப் பக்கம் சென்று வந்தால் மணல் அங்கேயும் வந்து சேரும். கடற்காற்று அடிப்பாகத்தைத் தின்னும் ஊர் இது என்பதால், காரை உயர்த்தி அடித்தகட்டைத் தட்டிப் பார்க்கவும் வேண்டும். எஞ்சின், பற்றரி, துரு ஆகிய மூன்றில் இரண்டு மோசமென்றால், நான் அந்தக் காரை வைத்திருக்க மாட்டேன்.

எரிந்த ஒயிலின் சாம்பல் கற்றலிற்றிக் கொன்வேட்டரை மெல்லக் கெடுக்கும் என்பதும் உண்மை. அதனால் வருமான அனுமதிப்பத்திரத்துக்கான வருடாந்தப் புகைப் பரிசோதனை அறிக்கையைப் பத்திரப்படுத்தி, முழுமையாக எரியாததைக் காட்டும் ஐதரோகாபன் அளவைச் சென்ற ஆண்டினதோடு ஒப்பிடுங்கள். பணம் கட்டி எடுத்த அறிக்கையைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை.

[காட்சி: கந்தளாய் வழியே ஹபரணைக்குச் செல்லும் வீதி. யானை கடக்கும் எச்சரிக்கைப் பலகை.]

இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். போய்த் திரும்பினால் இந்தக் கார் 200 மில்லிலீற்றருக்குச் சற்று மேல் குடிக்கும். புறப்படும் முன் ஒருமுறையும், திரும்பும் முன் ஒருமுறையும் பார்த்தால் போதும். ஹபரணைக் காட்டு வீதியில் இரவு நேரத்தில் பொனற்றைத் திறந்துகொண்டு நிற்க எவரும் விரும்ப மாட்டார்கள், யானைகளைத் தவிர.

ஆசிரியை காரை விற்கவில்லை. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்ற முடிவு செய்திருக்கிறார். டிக்கியில் ஒரு லீற்றர்க் கான், ஒரு புனல், ஒரு பழைய பருத்தித் துணி. கொப்பியின் மூன்றாவது வரி 1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் என்று வந்தால், எஞ்சினைத் திறந்து வளையம் மாற்றும் செலவை இரண்டு கராஜ்களில் எழுத்தில் வாங்கி, அதைக் காரின் அன்றைய சந்தை விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். அதுவரை, ஞாயிறு காலைகளில் கார் மேட்டிலிருந்து இறங்கி, கீழே சமதரையில் பத்து நிமிடம் நிற்கும்.