அந்தப் படத்தைக் கிழித்த கை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஹான்ஸ் ஹோஃப்மன் ஓவியராகப் பெரியவரா, ஆசிரியராகப் பெரியவரா? நான் ஆசிரியர் கட்சி. ஆனால் எதிரணித் தலைவர், "மாணவி வரைந்த படத்தைக் கிழித்தவரெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, முழுக் கதையையும் கேளுங்கள்.

நியூயார்க், 1930களின் கடைசி. மாணவி லீ கிராஸ்னர். வாத்தியார் ஜெர்மன்காரர். அவர் பேசும் ஆங்கிலம் அந்த அம்மாவுக்குப் பிடிபடவே படாது. அவர் நகர்ந்ததும் வகுப்புத் தலைவரைக் கூப்பிட்டு, என்ன சொன்னார் என்று கேட்டுக்கொள்வார். அப்படிப்பட்ட வாத்தியார் ஒரு நாள் வந்து நிற்கிறார். படத்தைப் பார்க்கிறார். எடுக்கிறார். கிழிக்கிறார்!

எதிரணித் தலைவர் இங்கேயே கதையை நிறுத்திவிட்டார் ஐயா. கிழித்ததைக் குப்பையிலா போட்டார்? துண்டுகளை இடம் மாற்றி மாற்றித் திரும்பவும் சேர்த்து வைத்தார். ஒரு துண்டு முன்னே தள்ளியது, ஒரு துண்டு பின்னே இழுத்தது. தட்டையான தாளுக்குள் ஓர் இழுபறி. "தள்ளலும் இழுத்தலும்" என்று அவர் காலமெல்லாம் சொன்ன பாடமே அதுதான். வாய்மொழி எட்டாத இடத்தில் கையால் பாடம் நடத்தினார்!

கிராஸ்னருக்குக் கோபம் வந்ததா? வந்தது. வராதா பின்னே? ஆனால் 1950களில் அதே கிராஸ்னர், தான் வரைந்தவற்றைத் தானே கிழித்து, துண்டுகளை ஒட்டிப் புது ஓவியங்கள் படைத்தார். இப்போது சொல்லுங்கள், அன்று கிழிந்தது படமா, கண்ணை மறைத்த திரையா?

78 வயதில் பள்ளியை மூடிவிட்டு ஓவியத்துக்குப் போனாரே என்பார்கள். போனார். 1915இல் மியூனிக்கில் பள்ளி திறந்ததிலிருந்து 43 வருடம் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அப்புறம் ஒன்று. 1930இல் அவரை அமெரிக்காவுக்கு, பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்த அழைத்தது யார்? மியூனிக்கில் அவரிடம் படித்த வொர்த் ரைடர். வாத்தியாருக்கு அப்போது வயது 50. 1932இல் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். மறு வருடம் ஜெர்மனி ஹிட்லர் கைக்குப் போனது. மனைவி மரியா அங்கே, இவர் இங்கே. 1939இல்தான் அந்த அம்மா வந்து சேர்ந்தார். அத்தனை வருடமும் அந்நிய ஊரில் அவருக்குச் சோறு போட்டது வகுப்பறை. அந்த வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்டது ஒரு மாணவனின் கை.

1963. ஹோஃப்மனுக்கு 83 வயது. தன் ஓவியங்களில் 45 எடுத்து பெர்க்லிக்கே கொடுத்தார் ஐயா. அந்த மாணவன் கூப்பிட்ட அதே பெர்க்லிக்கு!