ஆகஸ்ட் 12: அழுத பிள்ளை பால் குடித்த கதை

(நூலகர் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, கல்யாண வீட்டுப் பந்தியைப் பாதியில் விட்டு வந்திருக்கும் வர்த்தகர் சங்கச் செயலாளர் அண்ணன் அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்க மறுத்த தம்பி அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய தேதிக்கு மூன்று சிறப்பு உண்டு. மூன்றையும் பேசப் போகிறேன். விக்ரம் சாராபாய் 1919இல் பிறந்தது இன்று. உலக யானைகள் தினம் இன்று. நூலகவியல் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாளும் இன்றுதான். அவர் பிறந்தது 9ஆம் தேதி என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. இருக்கட்டும், நாடு கொண்டாடுவது 12.

ரங்கநாதன் பிறந்த ஊர் சீர்காழி. ஞானசம்பந்தர் குளக்கரையில் நின்று அழுது அம்மையிடம் பால் குடித்த அதே ஊர். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நம்மாள் அழுத கதையைக் கேளுங்கள். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகர் வேண்டும், சம்பளம் கூட என்றார்கள். 1924 ஜனவரியில் போய் உட்கார்ந்தார். எதிரே பையன்கள் இல்லை, கேள்வி இல்லை, சத்தம் இல்லை. புத்தகமும் அவரும்தான். வகுப்பில் சாக்பீஸும் கையுமாக நின்ற மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஒரு வாரம் தாங்கவில்லை. பழைய கல்லூரி முதல்வரிடம் ஓடினார். "ஐயா, என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்." முதல்வர் கெட்டிக்காரர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்றார். போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே துண்டுகளைத்தான் மாற்றி மாற்றிப் பூட்டுகிறார்கள். ஒருமுறை வண்டி, இன்னொருமுறை பாலம். புத்தகங்களையும் இப்படி வகைப்படுத்தலாமே என்று தோன்றியது. அதுதான் 1933இல் கோலன் பகுப்பு முறையாக வந்தது. கல்லூரிக்குத் திரும்ப வேண்டும் என்று அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

ஆனால் அழுகையை மட்டும் நிறுத்தவில்லை! 1930இலேயே மாதிரி நூலகச் சட்டம் எழுதிக் கொடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. 18 வருஷம்! அழுத பிள்ளை பால் குடிக்கும்.

அந்தச் சட்டம் தந்ததுதான் நூலக வரி. சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்து காசு. வீட்டுக்குப் போனதும் ரசீதை எடுத்துப் பாருங்கள். நாம் கட்டுகிறோம், ஐயா! நம் ஊர்க் கிளை நூலகமோ இன்னும் வாடகை ஓட்டுவீட்டில். போன ஐப்பசி மழையில் சிறுவர் பகுதி அலமாரிக்கு மேல் உரச்சாக்கைப் பிரித்துப் போட்டு வைத்தார் நூலகர். அம்புலிமாமா பைண்டு ஒன்று ஊறி, பக்கமெல்லாம் அப்பளம் போல ஒட்டிக்கொண்டது. அவர் அதை விசிறியடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தார்.

தலைவர் அவர்கள் மேடையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். பழைய சந்தைப்பேட்டையில் நகராட்சி இடம் சும்மா கிடக்கிறது. அதில் நூலகத்துக்கு ஐந்து சென்ட் ஒதுக்கித் தீர்மானம் போடுங்கள். கட்டடத்துக்கு மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் நாங்கள் போய் நிற்கிறோம். அழத்தான் வேண்டும் என்றால் ஊரோடு சேர்ந்து அழுகிறோம்.

சாராபாய், யானை இரண்டும் பாக்கி. அடுத்த பேச்சாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசல் மேஜையில் இருக்கிறது. டீ குடிக்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா அங்கேயே கட்டியிருக்கிறது. நன்றி, வணக்கம்.